டிஸ்லெக்ஸியா பத்தி நம்ம கிளப் மீட்டிங்ல வந்த கேள்விகள், அதுக்கான பதில்கள்

போன வாரம் மதுரை அண்ணா நகர் பக்கம் நம்ம கிளப் மீட்டிங் நடந்துச்சுல்ல, அதுல ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் டீச்சர் வந்து டிஸ்லெக்ஸியா பத்தி பேசுனாங்க. முக்கால் மணி நேரம்னு சொல்லித்தான் கூப்பிட்டோம், ஆனா கேள்வி வந்துக்கிட்டே இருந்ததுல ராத்திரி பத்து மணி வரைக்கும் போயிருச்சு. வர முடியாதவங்க போன் பண்ணி கேட்டுக்கிட்டே இருக்காங்க, வந்தவங்களும் வீட்ல போய் சொல்லும்போது பாதி மறந்துருச்சுன்றாங்க, அதனால அன்னைக்கு வந்த கேள்விகளையும் அப்புறம் எனக்கு போன்ல வந்ததையும் சேர்த்து இங்க எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல, ஸ்டேஷனரி கடைக்காரன். டீச்சர் சொன்னதும் நான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதும் எங்க வீட்ல பாத்ததும்தான் இதுல இருக்கு.

டிஸ்லெக்ஸியான்னா என்ன, சுருக்கமா சொல்லுங்க.

நல்லா பேசுற, நல்லா புரிஞ்சுக்கிற புள்ளைக்கு எழுத்தை மட்டும் வாசிக்கிறதும் பிழையில்லாம எழுதுறதும் ரொம்ப கஷ்டமா இருக்கிறது. அறிவுக் குறைவு கிடையாது. கண்ணுல கோளாறு கிடையாது. மூளை ஒரு சொல்லுக்குள்ள இருக்குற சத்தங்களைப் பிரிச்சு, ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு எழுத்தோட கோர்க்கணும், அந்தக் கோர்க்குற வேலை மத்தவங்களுக்குத் தானா நடக்குற மாதிரி இவங்களுக்கு நடக்குறதில்ல. நம்ம எல்லாருக்கும் ஒரு போர்டைப் பாத்தா படிக்காம இருக்க முடியாது, கண்ணு பட்டதும் படிச்சிருவோம், ஆனா இந்தப் புள்ளைங்க ஒவ்வொரு எழுத்தையும் கிணத்துல இருந்து வாளி வாளியா தண்ணி இறைக்கிற மாதிரி இழுத்துக் கொண்டு வரணும், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்து போயிருக்கும்.

டீச்சர் இன்னொன்னு சொன்னாங்க. பேச்சு மனுசனுக்குப் பிறவியிலேயே வர்றது, எழுத்து அப்படி இல்ல, அது நாம கண்டுபிடிச்ச சாமான். நம்ம கீழடியில பானை ஓட்டுல 'ஆதன்'னு தமிழி எழுத்துல கீறி வச்சிருக்கானே, அவன் காலமே ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுன்னாலும், மூளை வளர்ந்து வந்த கணக்குல அது நேத்து நடந்த மாதிரிதான். எழுத்து படிக்கிறதுக்குன்னு மூளையில தனியா ஒரு இடம் பிறவியிலேயே ரெடியா இல்ல, பேச்சுக்கும் பார்வைக்கும் இருக்குற இடங்களை இணைச்சுத்தான் ஒவ்வொரு குழந்தையும் புதுசா ஒரு பாதை போடணும். சில குழந்தைகளுக்கு அந்தப் பாதை போட நாளாகும், போடுற முறையும் வேற.

இது இப்ப வந்த புது வியாதியா? எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே?

இருந்துச்சுண்ணே, பேருதான் வேற. 'மக்கு'ன்னு சொன்னோம், 'தத்தி'ன்னு சொன்னோம், எட்டாவதோட நிறுத்தி லேத் பட்டறைக்கு அனுப்புனோம். முதல்ல இது வியாதியே இல்ல. 1887லயே பெர்லின்னு பேரு கொண்ட ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இந்த டிஸ்லெக்ஸியான்ற வார்த்தையை உபயோகிச்சு எழுதிட்டாரு. 1896ல பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் பெர்சின்னு 14 வயசுப் பையனைப் பத்தி மருத்துவப் பத்திரிகையில எழுதியிருக்காரு. அந்தப் பையன் கெட்டிக்காரன், விளையாட்டுல சுட்டி, ஆனா தன் பேரையே 'பெர்சி'க்குப் பதிலா 'பிரெசி'ன்னு மாத்தி எழுதியிருக்கான். பாடம் எல்லாத்தையும் வாயால மட்டுமே நடத்துனா இந்தப் பள்ளிக்கூடத்துலயே இவன்தான் முதல்ல நிப்பான்னு அவனோட வாத்தியார் சொன்னதா அதுல இருக்கு. அதைக் கேட்டதும் எங்க ஹால்ல ரெண்டு மூணு பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டதை நான் பாத்தேன், ஒவ்வொருத்தருக்கும் வீட்ல ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்.

எத்தனை பேருக்கு இருக்கும்?

கணக்கு எடுக்குற முறையைப் பொறுத்து மாறும், பொதுவா நூத்துக்கு 5ல இருந்து 10 பேர்னு சொல்றாங்க. 40 பேர் இருக்குற ஒரு கிளாஸ்னா ரெண்டு பேர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் வருது. ஆம்பளப் பசங்களைத்தான் அதிகமா கண்டுபிடிச்சு அனுப்புறாங்க, ஏன்னா அவனுக படிக்க முடியலைன்னா சேட்டை பண்ணுவானுக, கண்ணுல பட்ருவானுக. பொம்பளப் புள்ளைங்க சத்தமில்லாம பின்னாடி உக்காந்து பக்கத்துல பாத்து எழுதிக்கிட்டே ஒன்பதாவது வரைக்கும் வந்துருதுங்க, யாருக்கும் தெரியுறதே இல்ல. குடும்பத்துலயும் தொடர்ந்து வரும், அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்தா புள்ளைக்கும் வர்ற வாய்ப்பு அதிகம்.

மீட்டிங்ல ஒரு பேப்பரைக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்களாமே, அது என்ன?

அதைத்தான் எல்லாரும் கேக்குறீங்க. ஆளுக்கு ஒரு தாள் குடுத்தாங்க. ஒரே ஒரு விதிதான், 'க' வரிசை எழுத்து வந்தா 'ப' வரிசையாப் படிக்கணும், 'ப' வந்தா 'க'வாப் படிக்கணும். முதல் வரி இது: 'கால் பணப்பு காப்பி'. கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க, அது 'பால் கணக்கு பாக்கி'. இப்படிப் பத்து வரி. எங்க ஆடிட்டர் அண்ணன் ஒரு நாளைக்கு ஆயிரம் வரி கணக்குப் பாக்குறவரு, அவரு மூணாவது வரியில நின்னுட்டாரு. டீச்சர் வேணும்னே பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு "சீக்கிரம் சார், பக்கத்துல இருக்கவரு முடிச்சிட்டாரு, நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்"னு சொல்லவும் அவருக்கு நெத்தியில வேர்த்துருச்சு. முடிஞ்சதும், "இப்ப அந்தப் பத்தி எதைப் பத்தினதுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியல. எழுத்தைக் கூட்டுறதுலயே மூளை பூராவும் செலவாயிருச்சு, அர்த்தத்துக்கு மிச்சம் எதுவுமில்ல. அந்தப் புள்ளைங்களுக்கு தினமும் ஆறு பீரியடும் இப்படித்தான், அதுக்கு அப்புறம் டியூஷன் வேற.

தமிழ் சொல்றபடியே எழுதுற மொழிதானே, இங்கிலீஷ்லதானே இந்தப் பிரச்சினை வரும்?

பாதி சரி. இங்கிலீஷ்ல ஒரே எழுத்து நாலு விதமா ஒலிக்கும், அதனால அங்க பிழை சீக்கிரம் வெளிய தெரியும். தமிழ்ல எழுத்துக்கும் சத்தத்துக்கும் பொருத்தம் அதிகம், அதனால நம்ம புள்ளைங்க தப்பாப் படிக்கிறதை விட ரொம்ப மெதுவாப் படிப்பாங்க, மூணாவது நாலாவது வந்தும் எழுத்துக் கூட்டிக்கிட்டே இருப்பாங்க. டீச்சர்மாரும் "தப்பில்லாமத்தான படிக்கிறான், வேகம் வந்துரும்"னு விட்டுருவாங்க.

ஆனா தமிழுக்குன்னு தனி முடிச்சுகளும் இருக்கு. 247 எழுத்து, அதுல 216 உயிர்மெய். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, ஆனா காதுல கேக்குறது 'க்' முதல்ல, 'எ' பின்னாடி. 'கொ'வுக்கு முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால், நடுவுல எழுத்து. சத்தத்தோட வரிசையும் எழுத்தோட வரிசையும் ஒன்னா இல்ல, சாதாரணக் குழந்தைக்கு ரெண்டு மாசத்துல பழகிரும், இவங்களுக்கு வருசக்கணக்குல குழப்பம். அப்புறம் ரெண்டு சுழி மூணு சுழி, ல ள ழ, ர ற. ஒரே 'க' ஒரு இடத்துல அழுத்தமா ஒரு இடத்துல மெல்லிசா ஒலிக்குது. வீட்ல 'வந்துச்சு'ன்னு பேசிட்டு புத்தகத்துல 'வந்தது'ன்னு படிக்கணும். இதெல்லாம் டிஸ்லெக்ஸியாவுக்குக் காரணம் இல்ல, ஆனா ஏற்கெனவே சுமக்குறவன் தலையில இன்னொரு மூட்டை.

வீட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். என் அக்கா மகன், மேலூர் பக்கம், மூணாவது படிச்சான். கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான், அழகர் ஆத்துல இறங்குறதை அவன் சொல்லி நீங்க கேக்கணும். ஆனா நோட்டைத் திறந்தா வயித்து வலி. ஒரு லீவுல கடைக்கு வந்திருந்தவனைக் கூட்டிக்கிட்டு பெரியார் பஸ் ஸ்டாண்டு போயிருந்தேன், "ஆரப்பாளையம் பஸ் வந்தா சொல்லுடா"ன்னு சொல்லிட்டு டீ வாங்கப் போனேன், அவன் "மாமா வந்துருச்சு"ன்னு கத்துனான், ஓடி ஏறிட்டோம், கண்டக்டர் டிக்கெட் கேக்கும்போதுதான் தெரியுது அது ஆனையூர் வண்டி. 'ஆ'வைப் பாத்துட்டு மிச்சத்தை ஊகிச்சிருக்கான். அன்னைக்கு நான் அவனை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். தாய்மாமன் கண்டிச்சாத்தான் திருந்துவான்னு அக்கா சொல்லி வச்சிருந்துச்சு, நானும் அதை என் கடமைன்னு நெனச்சேன். முதல் எழுத்தைப் பாத்து ஊகிக்கிறதுதான் முக்கியமான அடையாளம்னு எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருசம் ஆச்சு.

பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே சில குறிப்பு இருக்கும். பேச்சு கொஞ்சம் லேட்டா வர்றது, தெரிஞ்ச சாமானுக்குப் பேரு சட்டுன்னு வாயில வராம "அது, அந்த இது"ன்னு தடுமாறுறது, நிலா நிலா ஓடி வா மாதிரிப் பாட்டுல எதுகை சத்தம் பிடிபடாதது. அஞ்சு ஆறு வயசுல விளையாட்டு மாதிரி கேட்டுப் பாக்கலாம்: 'மரம்'ல 'ம'வை எடுத்துட்டா என்ன மிச்சம்? 'படம்'ல 'ப'வைத் தூக்கிட்டு 'த' போட்டா என்ன வரும்? பெரும்பாலான புள்ளைங்க ரெண்டு தடவை பழகினா 'தடம்'னு சொல்லிரும், இவங்க முழிப்பாங்க. இதை வச்சு நீங்களே முடிவு பண்ணிராதீங்க, பரிசோதனைக்குப் போகணுமான்னு யோசிக்கிறதுக்கு மட்டும்தான் இது.

கண்ணாடி போட்டா சரியாயிடுமா? எழுத்து தலைகீழாத் தெரியுமாமே?

தலைகீழாத் தெரியறது இல்ல. எழுத்தைத் திருப்பி எழுதுறது சின்ன வயசுல எல்லாக் குழந்தையும் பண்றதுதான். ஆனா முதல்ல கண்ணையும் காதையும் ஒரு தடவை காமிச்சுருங்க, ஏன்னா போர்டு தெரியாததாலயோ காது சரியாக் கேக்காததாலயோ படிக்காம இருந்தா அது வேற, அதைச் சரி பண்றதும் சுலபம். 1976ல இருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்குற ஊரு நம்ம ஊரு, கண் காமிக்க வெளியூர் போக வேண்டியதில்ல. கலர் கண்ணாடி போட்டா படிப்பு வரும்னு யாராவது விக்க வந்தா வாங்காதீங்க, அதுக்கு ஆதாரம் இல்ல. மூளை டானிக்கும் அப்படித்தான். இதுக்கு மாத்திரை கிடையாது.

அப்ப என்னதான் வைத்தியம்?

வைத்தியம் இல்ல, சொல்லிக் குடுக்குற முறைதான். 1920கள், 30கள்ல அமெரிக்காவுல ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் கில்லிங்ஹாம்னு ஒரு ஆசிரியையும் தொடங்குன வழி, இன்னைக்கும் அதோட அடிப்படையிலதான் பல இடத்துல நடக்குது. சத்தத்தை முதல்ல காதால பிரிக்கப் பழக்கணும், அப்புறம் ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்துன்னு வரிசையா, எதையும் தானா புரிஞ்சுக்குவான்னு விடாம, பாத்து, வாயால சொல்லி, விரலால எழுதி, மூணையும் ஒரே நேரத்துல. பழசை மறக்க விடாம திரும்பத் திரும்ப. தினமும் கொஞ்ச நேரம், ஒருத்தருக்கு ஒருத்தர் இல்லன்னா மூணு நாலு பேர் மட்டும்.

டீச்சர் ஒரு தாம்பாளத்துல நெல்லைப் பரப்பிக் காட்டுனாங்க. 'கெ'ன்னு வாயால "க்... எ..."ன்னு இழுத்துச் சொல்லிக்கிட்டே ஆள்காட்டி விரலால நெல்லுல எழுதச் சொன்னாங்க, விரல் போற தடம் அப்படியே பள்ளமா நிக்குது. விஜயதசமிக்கு நம்ம புள்ளைங்க கையைப் புடிச்சு 'அ' எழுத வைப்போமே, அதேதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதிக்கிட்டே சத்தமாச் சொன்னதும் இதுதான். நாம அந்த ஒரு நாளோட நெல்லைத் தூக்கி ஓரமா வச்சிட்டோம், இந்தப் புள்ளைங்களுக்கு அது ரெண்டு மூணு வருசத்துக்கு வேணும்.

கூடவே ஒரு எச்சரிக்கை, அதே பாடத்தை அதே மாதிரி இன்னும் ரெண்டு மணி நேரம் நடத்துற டியூஷன் இதுக்கு உதவாது. பத்து தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னா தப்பைப் பத்து தடவை எழுதுவான்.

எங்க போய் பரிசோதிக்கணும்?

நம்ம ஊர்ல அரசு இராசாசி ஆஸ்பத்திரியில குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கு, அங்க இருந்து தொடங்கலாம். மனநலப் பிரிவுன்னதும் பயந்துறாதீங்க, இந்தப் பரிசோதனை பண்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அந்தப் பக்கம்தான் இருப்பாங்க. அரசுப் பள்ளியில படிக்கிற புள்ளைன்னா உங்க வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க, தலைமை ஆசிரியர் கிட்ட சொல்லி அவங்களைப் பாக்கலாம். சென்னையில 1991ல இருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்குறதும் அவங்க வேலைகள்ல ஒன்னு.

கற்றல் குறைபாடு இருக்குன்னு தர்ற சர்டிபிகேட்டுக்கான முழுப் பரிசோதனை பொதுவா மூணாவது வகுப்பு இல்லன்னா 8 வயசு வந்த பிறகுதான். அதுக்காக 8 வயசு வரைக்கும் சும்மா இருக்கணும்னு அர்த்தம் இல்ல, நெல்லுல எழுதுறதுக்கு சர்டிபிகேட் தேவையில்ல. எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ அவ்வளவு நல்லது.

சர்டிபிகேட் வாங்குனா என்ன கிடைக்கும்? புள்ளைக்குப் பேரு கெட்டுப் போகாதா?

1995 சட்டத்துல மாற்றுத்திறன் வகை 7தான் இருந்துச்சு, கற்றல் குறைபாடு அதுல இல்ல. 2016ல புது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து அது 21 ஆச்சு, அதுல குறிப்பிட்ட கற்றல் குறைபாடுன்னு டிஸ்லெக்ஸியாவையும் சேர்த்துட்டாங்க, 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அதனால இது யாரும் போடுற பிச்சை இல்ல, உரிமை. பரீட்சையில கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ரெண்டாவது மூணாவது மொழியில இருந்து விலக்குன்னு சட்டத்துலயே இருக்கு. நம்ம மாநிலத்துல பத்தாவது, பன்னெண்டாவது பொதுத் தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலாக் குடுக்குறாங்க. பள்ளிக்கூடம் மூலமாத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகணும், அதனால பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஓடாதீங்க, வருசத் தொடக்கத்துலயே ஹெச்.எம்.மைப் பாத்துருங்க. மாற்றுத்திறனாளிகளுக்குத் தர்ற அடையாள அட்டையான யூடிஐடி கார்டு பத்தின விவரத்துக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பேரு கெடுமான்னு ஒரு அம்மா அழுதுக்கிட்டே கேட்டாங்க. எங்க அக்காவும் இதையேதான் கேட்டுச்சு. நான் சொன்னது, அவனுக்கு ஏற்கெனவே கிளாஸ்ல ஒரு பேரு இருக்குக்கா, மக்குன்னு. அதை விட இந்தப் பேரு மேலு, இதுக்கு வழி இருக்கு.

டிஸ்லெக்ஸியா இருந்தா பெரிய மேதையா வருவாங்களாமே?

சிலர் வந்திருக்காங்க, எல்லாரும் வரணும்னு இல்ல. சாதாரணப் புள்ளையா இருந்து சாதாரண வேலைக்குப் போறதுக்கும் அவனுக்கு உரிமை உண்டு. படிக்க வரலைன்னு திட்டுனது போக இப்ப மேதை ஆகலையேன்னு திட்டத் தொடங்கிறாதீங்க.

நம்ம கிளப் என்ன பண்ணப் போகுது?

இதுல என் கருத்தை நேராச் சொல்லிடறேன். வருசா வருசம் ஜூன் மாசம் நாம நோட்டும் பையும் குடுக்குறோம், அந்த நோட்டுல பெரும்பகுதி என் கடையில இருந்துதான் போகுது. போட்டோ எடுக்குறோம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத வராத புள்ளைக்கு ஆறு நோட்டு குடுத்து என்ன பிரயோசனம்? இந்த வருசம் அந்தப் பணத்துல பாதியையாவது சுத்துப்பட்டு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில ஒன்னாவது ரெண்டாவது எடுக்குற டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்கச் செலவழிக்கணும்னு நான் மீட்டிங்ல எழுந்து சொன்னேன். பயிற்சி பெத்த ஒரு டீச்சர் ஒவ்வொரு வருசமும் ஒரு கிளாஸ் புள்ளைங்களைப் பாக்குறாங்க, அதுல ரெண்டு மூணு பேரை அடையாளம் கண்டுட்டாலே அது எந்த நோட்டை விடவும் பெருசு. சிலருக்கு ஒப்புதல், சிலருக்கு "போட்டோவுல என்னத்தக் காட்டுறது"ன்னு தயக்கம். அடுத்த மீட்டிங்ல ஓட்டுக்கு வருது, தயவு செஞ்சு வந்துருங்க.

உங்க அக்கா மகன் இப்ப எப்படி இருக்கான்?

ஏழாவது படிக்கிறான். இன்னும் மெதுவாத்தான் படிக்கிறான், எழுத்துப்பிழை இருக்கு, இங்கிலீஷ் அவனுக்கு மலைதான். ஆனா வயித்து வலி நின்னுருச்சு. போன்ல பாடத்தைப் போட்டோ எடுத்து போனையே வாசிக்க வச்சு காதால கேட்டுட்டு, அப்புறம் புத்தகத்துல விரல் வச்சுப் படிக்கிறான். அவன் பஸ் போர்டைப் படிக்கிற வரைக்கும் நான் நின்னு காத்துக்கிட்டு இருக்கேன், வண்டி போனா அடுத்த வண்டி வருது.

பணம் குடுக்க முடியாது, நேரம் இருக்கு. நான் என்ன பண்ணலாம்?

குரல் குடுங்க. போன்ல கேக்குற மெஷின் குரல் தமிழ்ல நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்த மாட்டேங்குது, ல ள ழ எல்லாம் ஒன்னாப் போயிருது. அரசுப் பாடப்புத்தகத்துல ஒரு பாடத்தை எடுத்து நிதானமா, ஒரு பத்தி முடிஞ்சதும் மூச்சு விட்டு, பக்க எண் சொல்லி, வாட்ஸ்அப் ஆடியோவா பேசி அனுப்புங்க. சத்தமில்லாத அறையில, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு. ஏழாவது சமூக அறிவியல் முதல் ரெண்டு பாடம் நான் பேசிட்டேன், மூணாவதுல இருந்து யாராவது எடுத்துக்கங்க.